கிறிஸ்துமஸ் சாக்லேட் உருண்டைக்குப் பாரஃபின் மெழுகு சேர்க்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் இருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் மைனி ஒரு சாக்லேட் உருண்டைக்குச் செய்முறை அனுப்பினார்கள். நிலக்கடலை விழுதையும் சீனிப்பொடியையும் பிசைந்து உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பது. 12 அவுன்ஸ் சாக்லேட்டுக்குக் கால் கட்டி பாரஃபின் மெழுகு போட வேண்டும், அப்போதுதான் மினுக்கமும் கெட்டியும் வரும் என்கிறார்கள். போன மாதம் கடையில் வெள்ளை மெழுகுக் கட்டி வாங்கிச் செய்து பார்த்தேன். வாயில் மணல் போலத் துணுக்கு தட்டியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவை மறுநாள் வெள்ளை பூத்தன. தேங்காய்ப்பூ வைத்த உருண்டைகள் பத்து நாளில் சோப்பு மாதிரி ருசித்தன. டிசம்பரில் கோயில் ஸ்டாலில் விற்க ஆசை. மெழுகு சேர்ப்பது பத்திரம்தானா? மார்த்தாண்டத்தில் கிடைக்கும் தேன்மெழுகு போடலாமா? கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுதிரியும் வீட்டில் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மெழுகுதிரியையும் கடையில் வாங்கிய வெள்ளைக் கட்டியையும் சாக்லேட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மிச்சம் இருக்கும் உருண்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு தின்றிருந்தால் பதற வேண்டியதில்லை. மெழுகு பெரும்பாலும் செரிக்காமல் வந்த வழியே போய்விடும். ஆனால் தெரிந்தே இன்னொரு முறை போடக் கூடாது.

பாரஃபின் என்பது கச்சா எண்ணெயிலிருந்து வருவது. மசகு எண்ணெய் பிரித்தெடுக்கும்போது அதோடு வரும் மெழுகைக் குளிரவைத்து ஒதுக்குகிறார்கள். நம் நாட்டில் சென்னை மணலியிலும் அசாமின் திக்பாயிலும் இப்படி எடுக்கிறார்கள். ஒதுக்கிய மெழுகில் எண்ணெய் ஒட்டியிருக்கும். அந்த எண்ணெய் எவ்வளவு நீக்கப்பட்டது என்பதில்தான் தரம் இருக்கிறது. முழுதாகச் சுத்திகரித்ததில் எண்ணெய் அரை சதவீதத்துக்கும் குறைவு. நிறமும் இராது, வாடையும் இராது. பாதி சுத்திகரித்ததில் அதைவிடக் கூடுதல் எண்ணெய் நிற்கும். உடம்புக்கு ஆகாத அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அந்த எண்ணெயோடுதான் வருகின்றன. மெழுகுதிரிக்கு விற்கும் கட்டி எந்த வகை என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது, ஏனென்றால் எரிப்பதற்கு அது முக்கியமில்லை. போதாததற்கு மெழுகுதிரியில் கெட்டிப்படுத்த ஸ்டியரிக் அமிலம், வெண்மைக்கும் நிறத்துக்கும் சாயம், சிலதில் வாசனை எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். வெள்ளையாக இருப்பதால் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

கட்டியைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. சுண்டைக்காய் அளவு சீவி ஒரு கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் நீரில் போட்டு, எழும் ஆவியை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை கொஞ்சம் தட்டினாலும் போச்சு. இன்னொரு துண்டை வெள்ளைத் தாளில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் விழுந்திருந்தால் அதுவும் ஆகாது. இந்தச் சோதனைகள் கெட்டதைத் தள்ளத்தான் உதவும். இரண்டிலும் தேறிவிட்டது என்பதற்காக அது சாப்பிடத் தகுந்தது ஆகிவிடாது. 'உணவுத் தரம்' என்று உற்பத்தியாளர் எழுத்தில் தந்திருந்தால் மட்டுமே அதைச் சமையல்கட்டுக்குள் விடலாம்.

மைனி சொன்னது பொய்யில்லை. அங்கே ஜாம் பாட்டிலின் வாயை உருக்கிய பாரஃபின் ஊற்றி அடைக்கும் பழக்கம் இருந்தது. அதனால் மளிகைக் கடையிலேயே ஒரு பவுண்டு பெட்டியில் நான்கு கட்டியாக விற்றார்கள், சமையல்கட்டில் எப்போதும் கிடந்தது, மிட்டாய்க்கும் போயிற்று. ஜாமுக்கு அப்படி அடைப்பது சரியில்லை, பூஞ்சை பிடிக்கிறது என்று அங்கேயே இப்போது கைவிடச் சொல்கிறார்கள். மிட்டாயில் மட்டும் பழக்கம் தங்கிவிட்டது.

இனி அளவைப் பாருங்கள். 12 அவுன்ஸ் என்றால் 340 கிராம் சாக்லேட். ஒரு கட்டி ஏறக்குறைய 113 கிராம், அதில் கால் பங்கு 28 கிராம். அதாவது மேலே பூசும் கலவையில் ஏழரை சதவீதத்துக்குமேல் மெழுகு. நெல்லிக்காய் அளவு உருண்டைக்கு 6 கிராம் பூச்சு ஏறும் என்று வைத்தால், ஒரு உருண்டையில் சுமார் 450 மில்லிகிராம் மெழுகு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1995இல் மெழுகுகளை ஆராய்ந்தது. மைக்ரோகிரிஸ்டலைன் என்ற கனமான, உருகுநிலை கூடிய மெழுகுக்கு மட்டும் உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. உருகுநிலை குறைந்த பாரஃபினுக்கு எல்லையே தரவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அது ஈரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கியது. அந்தக் கனமான மெழுகின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 300 மில்லிகிராம்தான். மைனியின் உருண்டை ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. ஆயுள் முழுக்க தினமும் தின்றாலும் கேடில்லை என்பதற்காக வைத்த எல்லை அது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் தாண்டினால் நஞ்சாகிவிடாது. என்றாலும், ருசியும் தராமல் சத்தும் தராமல் இருக்கும் ஒன்றைக் குழந்தை வாயில் அந்த அளவுக்கு வைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பாவில் மிட்டாய்களின் மேற்பூச்சுக்கு அனுமதித்திருக்கும் பெட்ரோலிய மெழுகு அந்தக் கனமான வகைதான், அதிலும் சாக்லேட்டை விலக்கி வைத்திருக்கிறார்கள்.

மெழுகு அப்படி என்னதான் செய்கிறது? சாக்லேட்டின் கொழுப்பான கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும். வாயின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் கரைகிறது, நம் ஊர் மதியத்தில் விரலிலும் ஒட்டுகிறது. கடையில் கிடைக்கும் பாரஃபின் 58, 60 டிகிரிக்குத்தான் உருகும். கொழுப்புக்குள் அது மெல்லிய வலை போலப் படிந்து, இளகும் கொழுப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. விரலில் ஒட்டாதிருப்பது அதனால்தான். வாயிலும் கரையாமல் பல்லில் ஒட்டி, தின்று முடித்தபின் அண்ணத்தில் படலம் நிற்பதும் அதே காரணத்தால்தான். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

தேன்மெழுகுக்கும் இதே கதைதான். அது 62 முதல் 64 டிகிரியில் உருகும், ஆகவே வாயில் கரையாது. ஆனால் அது உணவுக்கு ஆகும் மெழுகு. சாக்லேட்டின் மேல் மினுக்குப் பூச்சாகத் தேன்மெழுகு, கார்னாபா பனையின் மெழுகு, அரக்கு மூன்றையும் பன்னாட்டு உணவுத் தரநிலையில் அனுமதித்திருக்கிறார்கள். பூச்சு என்றால் மயிரிழைக் கனம்; சாக்லேட்டோடு சேர்த்து உருக்குவது இல்லை. மார்த்தாண்டத்தில் வாங்குவதானால் தேன் பிழிந்த அடையை உருக்கி வடித்த மெழுகைக் கேளுங்கள். தேனீப் பெட்டிக்குள் வைக்கும் அச்சுத் தாளை வாங்க வேண்டாம், அதில் பாரஃபின் கலப்பது உண்டு. நல்ல தேன்மெழுகைக் கிள்ளி மென்றால் பொடிந்து சிதறும், லேசாகத் தேன் மணக்கும். பாரஃபின் வழுவழுவென்று சவ்வு போல நிற்கும். இன்னொன்று, மார்த்தாண்டம் தேனை மறந்தும் உருகிய சாக்லேட்டில் ஊற்றாதீர்கள். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய நீர் இருக்கிறது. சாக்லேட்டிலுள்ள சீனி அந்த நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டி, அத்தனையும் களி போல இறுகிவிடும். கருப்பட்டியும் ஈரம் இழுக்கும் பொருள்தான். அதை உள்ளே வைக்கும் பூரணத்தில் வேண்டுமானால் குறைவாகச் சேர்க்கலாம், பூச்சில் கூடாது.

உங்கள் உருண்டைகளுக்கு வந்த மூன்று கேடுகளுக்கும் காரணம் வேறு வேறு.

மணல் போன்ற துணுக்கு மெழுகினுடையது. மெழுகைத் தனியாக உருக்கி, 40 டிகிரி சூட்டில் இருந்த சாக்லேட்டில் ஊற்றியிருப்பீர்கள். 58 டிகிரிக்குக் கீழே போனதும் மெழுகு உறைய ஆரம்பித்துவிடும். ஊற்றிய கணத்திலேயே சிறுசிறு செதிலாக உறைந்து, பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாமல் நிற்கும். மைக்ரோவேவில் வைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். மைக்ரோவேவ் மெழுகைச் சூடாக்காது, அருகிலிருக்கும் சாக்லேட்டைத்தான் கருக்கும்.

வெள்ளை பூத்ததைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு நீர் போதும். வெள்ளைப் பகுதியின் மேல் வைத்துச் சற்றுப் பொறுங்கள். வெள்ளை கரைந்து போனால் அது சீனி. நீர் முத்துப்போல் நின்று வெள்ளை அப்படியே இருந்து, விரலால் தேய்த்தால் எண்ணெய்ப்பசையாக மறைந்தால் அது கொழுப்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்று எழுதியிருப்பதால் உங்களுடையது சீனி பூத்ததாகத்தான் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரி. நம் மாவட்டத்தில் டிசம்பரிலும் பகல் 30 டிகிரியை ஒட்டுகிறது, கடல் காற்றின் ஈரம் வேறு. 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனி பிடிக்கும். சாக்லேட்டை வெளியே எடுத்த நிமிடமே அது வியர்க்கும், மேலுள்ள சீனி கரையும், வியர்வை காய்ந்ததும் சீனி வெள்ளையாக உப்புப் பூத்தது போல நிற்கும். கொழுப்பு பூப்பதற்குக் காரணம் வேறு: கோகோ வெண்ணெய் சரியான படிகமாக உறையாதது, அல்லது உள்ளே இருக்கும் கடலை எண்ணெய் மெல்ல வெளியே கசிவது.

சோப்பு ருசியை மெழுகின் தலையில் போட்டிருப்பீர்கள். அது மெழுகின் வேலையில்லை. தேங்காயில் இருப்பது பெரும்பாலும் லாரிக் கொழுப்பு. கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டிலும் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனங்கொட்டை எண்ணெயின் லாரிக் கொழுப்புதான் இருக்கும். ஈரமும், லைபேஸ் என்ற நொதியும் சேர்ந்தால் அந்தக் கொழுப்பு உடைந்து லாரிக் அமிலம் தனியே நிற்கும். சோப்பின் ருசி அதுதான். ஈரம் பச்சைத் தேங்காய்ப்பூவிலிருந்து வருகிறது. நொதி பூஞ்சையிலிருந்தும், வறுக்காமல் பொடித்த கிராம்பு, ஏலக்காய் போன்றவற்றிலிருந்தும் வரலாம். தேங்காய்ப்பூவை அகலமான உருளியில், தீயைக் குறைத்து, எண்ணெய் விடாமல் வறுங்கள். முதலில் ஆவி எழும், துருவல் ஒன்றோடொன்று ஒட்டும். ஆவி அடங்கி, நிறம் லேசாகச் சிவந்து, கையில் அள்ளினால் உதிரியாக நழுவி, ஆறியபின் கடித்தால் மொறுமொறுக்க வேண்டும். அதுவரை இறக்காதீர்கள். நம் மாவட்டக் கிராம்பையும் வெறும் சட்டியில் சூடேற்றிப் பிறகு பொடியுங்கள். இப்படிச் செய்தால் சோப்பு ருசிக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், வீட்டில் பெரியவர்கள் தின்பதற்கு மட்டும் மைனியின் முறையைச் செய்து பார்ப்பேன் என்றால், இந்த வரம்புக்குள் செய்யுங்கள். முழுதும் சுத்திகரித்த, உணவுத் தரச் சான்றுள்ள பாரஃபின். 500 கிராம் சாக்லேட்டுக்கு 10 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மெழுகை ஒருபோதும் அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீர் கொதிக்கவிட்டுத் தீயைக் குறையுங்கள். அதன் வாயைவிட அகலமான, உலர்ந்த எவர்சில்வர் கிண்ணத்தை மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. அகலம் ஏன் என்றால், ஆவி பக்கத்தில் வழிந்து சாக்லேட்டில் சொட்டாமல் இருக்க. முதலில் சீவிய மெழுகு மட்டும் கிண்ணத்தில் உருகிக் கண்ணாடி போலத் தெளியட்டும். பிறகு பொடியாக நறுக்கிய சாக்லேட்டைக் கைப்பிடி கைப்பிடியாக அதில் போட்டு, ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்ததைப் போடுங்கள். மெழுகை ஊற்றுவதற்குப் பதில் மெழுகுக்குள் சாக்லேட்டைச் சேர்ப்பதால் துணுக்கு விழாது. கறுப்புச் சாக்லேட் 55 டிகிரி வரை தாங்கும். பால் சாக்லேட் 50ஐத் தாண்டினால் பால் புரதம் திரண்டு கூழாகும், ஆகவே இந்த முறைக்கு அதை எடுக்க வேண்டாம். பிறகு 45 டிகிரிக்கு ஆறவிட்டு முக்குங்கள்.

நீர் மேல் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதுதான் காவல். நேரடி அடுப்பில் மெழுகு 100இல் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். கொதித்துக் குமிழி விடும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். குமிழி இல்லாமலே புகை வரும், 200 டிகிரியைத் தாண்டினால் ஆவியே தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் அடியில் போய் ஆவியாகி எரியும் மெழுகை அறை முழுக்கத் தெறிக்கவைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை நகர்த்தாமல், தட்டையான மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள். கையில் மெழுகு கொட்டினால் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். குழாய் நீரில் இருபது நிமிடம் பிடித்து, பிறகு மருத்துவமனை. மிஞ்சிய மெழுகுக் கலவையைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். சூடு இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஸ்டாலுக்கு இந்த முறை வேண்டாம். காசு வாங்கி விற்பதில் பாரஃபினை அடியோடு விடுங்கள். மெழுகு செய்து தரும் எல்லாவற்றையும் வேறு வழியில் செய்துகொள்ளலாம்.

முதலில் எந்தச் சாக்லேட் என்று முடிவு செய்ய வேண்டும். பொட்டலத்தின் பின்னால் சேர்மானங்களைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் இருந்து, தாவரக் கொழுப்பு இல்லையென்றால் அது கவர்ச்சர், நிஜச் சாக்லேட். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு முன்வரிசையில் இருந்தால் காம்பவுண்ட். கவர்ச்சருக்கு டெம்பரிங் செய்ய வேண்டும். கறுப்பு வகையை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு ஆறவைத்து, மறுபடி 31, 32க்கு ஏற்றினால்தான் கோகோ வெண்ணெய் நல்ல படிகமாக உறையும். மினுக்கமும், ஒடித்தால் 'டக்' என்ற சத்தமும் அந்தப் படிகத்தால் வருபவை. மெழுகைக் கொண்டு போலி செய்வது இதைத்தான். ஆனால் அறையே 30 டிகிரியில் இருக்கும்போது 27க்கு எப்படி ஆறவைப்பது? ஏ.சி. அறை இருந்தால், 22 டிகிரியில் வைத்து, விடியற்காலையில் செய்யலாம். மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிண்டினால் அதுவே ஆறவும் வைக்கும், படிகத்துக்கு வித்தாகவும் ஆகும். ஏ.சி. இல்லையென்றால் காம்பவுண்ட்தான் இந்த மண்ணுக்கு ஏற்றது என்பது என் முடிவு. அதில் குறைவு ஒன்றுமில்லை, சரியாகக் கையாண்டால் போதும். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது மட்டும் கூடாது. கோகோ வெண்ணெயும் லாரிக் கொழுப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. கலந்தால் இரண்டும் தனித்தனியாக உருகும் சூட்டைவிடக் கீழேயே இளகிவிடும், சீக்கிரம் வெள்ளையும் பூக்கும். கவர்ச்சர் நீர்த்து ஓட வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் ஊற்றினால் உருண்டை கையில் நிற்காததும் இதனால்தான்.

80 உருண்டைக்கு அளவு சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 600 கிராம், எண்ணெய் விடும்வரை அரைத்தது. சீனிப்பொடி 300 கிராம். பால்பொடி 60 கிராம். உப்பு ஒரு சிட்டிகைக்குச் சற்றுக் கூடுதல். பால்பொடி ருசிக்காக மட்டும் இல்லை. கடலை எண்ணெய் நீராளமானது, சும்மா விட்டால் பூச்சுக்குள் ஊறிப்போய் அதை இளக்கி மங்கவைக்கும். பால்பொடி அந்த எண்ணெயைப் பிடித்து வைக்கும். கடலைக்குப் பதில் பாதியளவு அண்டிப்பருப்போ (முந்திரி), மேலே சொன்னபடி வறுத்த தேங்காய்ப்பூவோ சேர்க்கலாம். நீரும் பாலும் ஒரு சொட்டும் கூடாது. பன்னிரண்டு கிராம் உருண்டையாக உருட்டி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் மட்டும் வையுங்கள். இரவெல்லாம் வைத்தால் உள்ளே சில்லிட்டுப்போகும். முக்கியபின் உருண்டை சூடேறி விரியும், மேலோடு ஆறிச் சுருங்கும், சுற்றி விரிசல் விட்டு எண்ணெய் கசியும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை சில்லிடக் கூடாது.

பூச்சுக்குக் கறுப்பு காம்பவுண்ட் 500 கிராம். முன்சொன்ன அகலக் கிண்ணத்தில், அடுப்பை அணைத்த சுடுநீர் மேல் வைத்து 45 டிகிரி வரை உருக்கி இறக்குங்கள். 40 டிகிரியில் முக்கலாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. அது கைக்கு வரும்வரை, ஒரு சொட்டைக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் இருந்தால் 37ஐ ஒட்டி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சூடேற்ற வேண்டும். இதமான வெதுவெதுப்பு தெரிந்தால் முக்கும் பதம். கலவை கெட்டியாக இருந்து கனமாகப் பிடித்தால் சோயா லெசிதின் ஒன்றரை கிராம் சேருங்கள். இரண்டரை கிராமைத் தாண்டினால் நீர்க்காமல் திரும்பவும் கெட்டிப்படும். லெசிதின் கிடைக்காவிட்டால் வாடையில்லாத சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 10 கிராம். காம்பவுண்டில் இருப்பதும் லாரிக் கொழுப்பே ஆதலால் இது ஒத்துப்போகும். ஆனால் தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குள் உருகுவது, கூடக்கூட மேலோடு இளகும். செக்கு எண்ணெய் வேண்டாம். அதன் மணம் சாக்லேட்டை மூடிவிடும்.

முள்கரண்டியில் உருண்டையை வைத்து முக்கி, தூக்கி, கிண்ண விளிம்பில் கரண்டியை நாலைந்து முறை தட்டுங்கள். அதிகப்படி வழிந்து, மேலே அலைபோல் வரி விழும். கரண்டியின் அடியை விளிம்பில் இழுத்துத் துடைத்துவிட்டு பட்டர் தாளில் சரியுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிட்டால்தான் உருண்டைக்குக் கீழே பாவாடை விரித்தது போலத் தட்டு உறையும். கிண்ணத்தில் கலவை 36க்கு இறங்கினால் மறுபடி சுடுநீர் மேல் வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

உறையவைப்பதில்தான் நம் ஊரில் பாதிப் பேர் தோற்கிறார்கள். தட்டை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மூடி இறுகும் பெரிய டப்பாவுக்குள் தட்டை வைத்து, மூடி, கால் மணி நேரம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பாவின் வெளிப்புறம் வியர்த்து நீர் கோத்து நிற்கும். அதைத் துடைக்காமல் விடுங்கள். முக்கால் மணியோ ஒரு மணியோ கழித்து அந்த வியர்வை தானாகக் காய்ந்திருக்கும். உள்ளே இருப்பதும் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது திறந்தால் வெள்ளை பூக்காது. மழை அடைத்துப் பெய்யும் நாளில் சாக்லேட் வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸை இதே கலவையில் பாதி முக்கினாலும் ஸ்டாலில் நன்றாகப் போகும். பொரித்த எண்ணெயைத் தாளில் நன்றாக ஒற்றியெடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு தோலாக உரிந்துவிடும்.

விற்பதென்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்திலேயே எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் கேட்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் போட வேண்டும். செய்த தேதி, எதுவரை தின்னலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது எல்லாம் எழுதுங்கள். நிலக்கடலை, பால், சோயா மூன்றையும் தனியே பெரிய எழுத்தில் போடுங்கள். கடலை ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு கடி போதும் ஆபத்துக்கு. காம்பவுண்டில் செய்ததை வெறும் 'சாக்லேட்' என்று எழுதாமல் தாவரக் கொழுப்பு சேர்ந்தது என்று சேர்த்து எழுதுங்கள். இந்தியத் தரநிலைப்படி சாக்லேட் என்ற பெயரில் விற்பதில் கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடலை உருண்டைக்கு மூன்று வாரமும், வறுத்த தேங்காய் வைத்ததற்குப் பத்து நாளும் என்று முதலில் போடுங்கள். உங்கள் கைப்பாகத்தில் அது எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் நான்கு உருண்டையை ஒதுக்கி, தேதி எழுதி, வாரம் ஒன்றாக உடைத்துப் பாருங்கள்.

ஸ்டாலில் வெயில் படாத மேசை கேட்டு வாங்குங்கள். காம்பவுண்டும் 35 டிகிரியை ஒட்டினால் இளகத் தொடங்கும்; தகரக் கொட்டகைக்குக் கீழே மதியம் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். இரண்டு பெட்டியை மட்டும் மேசையில் வைத்து, மற்றதை ஐஸ் போடாத தெர்மோகோல் பெட்டியில் மூடி வையுங்கள். ஐஸ் போட்டால் மறுபடி வியர்வை, மறுபடி வெள்ளை.

கடையில் வாங்கிய அந்த வெள்ளைக் கட்டியை வீணாக்க வேண்டாம். பழைய தகர டப்பா ஒன்றைச் சுடுநீரில் இறக்கி அதில் உருக்கி, திரி போட்டு ஊற்றினால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மெழுகுதிரி ஆகும். அந்த டப்பாவை மட்டும் திரும்பச் சமையல்கட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.